வீடு திரும்பிய வாக்கியங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திறந்த அன்று முற்பகலில், தமிழ்த்துறை நூலகத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஆய்வேடுகளிலிருந்தும் பேராசிரியர்களின் புத்தகங்களிலிருந்தும், பிறர் எழுதியதைப் பார்த்து எழுதிய வாக்கியங்கள் எல்லாம் எழுந்து, சோம்பல் முறித்து, தத்தம் சொந்த வீடுகளுக்கு நடக்கத் தொடங்கின. முதலில் பார்த்தவர் நூலகர் திரவியம். அலமாரிக்கு அடியில் கறுப்பாக ஏதோ ஊர்வதைக் கண்டு, லீவில் யாரோ மிக்சர் பொட்டலத்தை விட்டுப் போயிருக்கிறார்கள், எறும்பு வந்துவிட்டது என்று விளக்குமாற்றோடு குனிந்தவர், ஊர்கிறவற்றில் ஒரு ககரமும் அதன் பின்னால் காலை நீட்டி நீட்டி வைத்து ஒரு ழகரமும் போவதைப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்து, "சரி, போறது போகட்டும்" என்று விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனார். தமிழ்த்துறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவர்களுக்கு எளிதில் ஆச்சரியம் வராது.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வாக்கியங்களில் பெரும்பாலானவை தூரம் போகவில்லை. பக்கத்து அலமாரியில் இருந்த மூத்த ஆய்வேட்டுக்குள் நுழைந்து படுத்துக்கொண்டன, அங்கிருந்து சில அதற்கும் மூத்ததைத் தேடிப் போயின, அதிலிருந்தும் சில கிளம்பி இன்னும் உள்ளே இருந்த தூசி அலமாரிக்குப் போயின. வெளியூர்ப் பல்கலைக்கழகங்களுக்குப் போகவேண்டியவை பேருந்து நிலையம் வரை வரிசை கலையாமல் நடந்து, திருச்சி வண்டியின் படியில் ஏறி இருக்கைக்கு அடியில் ஒதுங்கி உட்கார்ந்தன, நடத்துநர்களும் அவற்றிடம் டிக்கெட் கேட்கவில்லை. வாசலில் கோலம் போட்ட பெண்கள் அவை போக ஒரு பக்கம் வழிவிட்டு மீதியைப் போட்டு முடித்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் காலை அகட்டித் தாண்டினார்கள். கோழிகள் ஒருமுறை கொத்திப் பார்த்து, ருசி பிடிக்காமல் விட்டுவிட்டன.

துறைக்குள்தான் கொஞ்சநாள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாமல் இருந்தது. மேடையேறினால் இறங்கவே மாட்டாத ஒரு பேராசிரியரின் ஆய்வேட்டில் பக்க எண்கள் மட்டும் மிஞ்சின. அவரும் சளைக்காமல், சுருக்கமே அழகு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். இன்னொருவர் இருந்தார், இவ்வளவு மோசமான ஆய்வேடு பூமியில் கிடையாது என்று எல்லாரும் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள், அவருடையதிலிருந்து ஒரு கால்புள்ளிகூட வெளியே போகவில்லை. அதன் பிறகு அவர் வராந்தாவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

பாவம், உறுதிமொழிதான் திண்டாடியது. 'இந்த ஆய்வேடு முழுவதும் என் சொந்த முயற்சியில் உருவானது' என்று ஒவ்வோர் ஏட்டின் முதல் பக்கத்திலும் இருக்குமே, அந்த வாக்கியம், அதை முதன்முதலில் எழுதியவர் யார் என்று எவருக்கும் தெரியாததால், போக்கிடம் இல்லாமல் வராந்தாவில் கூட்டம் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. புதிதாக அச்சடித்த தாளில் போட்டாலும் உடனே இறங்கி அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. பல்கலைக்கழகம் கூடிப் பேசி, இனிமேல் ஆய்வாளர்கள் உறுதிமொழியை எழுத வேண்டியதில்லை, பொது வாய்மொழித் தேர்வின் முடிவில் எல்லார் முன்னிலையிலும் வாயால் சொன்னால் போதும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. வாயால் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கேள்விகளுக்கெல்லாம் பொரிந்து தள்ளிய பிள்ளைகள்கூட அந்த இடம் வந்ததும் தொண்டையைச் செருமித் தண்ணீர் கேட்டார்கள்.

இதில் எதுவும் தன்னைத் தொடாது என்றுதான் சண்முகவடிவு நினைத்திருந்தாள். அவள் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள், கணவர் ஆவுடையப்பன் கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்க்கிறார், மகள்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்தாயிற்று, பல்கலைக்கழக வாசலை மிதித்து ஒரு தலைமுறைக் காலம் ஆகிறது. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியபோது நிலைப்படியில் ஒரு வரிசை ஏறிக்கொண்டிருந்தது. வேறு யார் வீட்டுக்கோ போகிற வழி போலிருக்கிறது என்று ஒதுங்கி நின்று பார்த்தாள். அது எங்கும் போகவில்லை, முன்னறைச் சுவரில் ஏறி, மேலிருந்து கீழாக, பத்தி பத்தியாக, ஓரம் விட்டு, அழகாக உட்கார்ந்தது. அவள் வாசித்தாள். முதல் வரியிலேயே பையைக் கீழே போட்டாள். அது அவளுடைய மூன்றாம் இயல்.

அந்த மூன்றாம் இயலுக்கு ஒரு கதை உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் அவள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, ஊருக்குக் கிழக்கே ரயில்வே கேட்டைத் தாண்டி விரிந்து கிடக்கும் உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களின் விடுகதைகளை ஆராய்ந்தாள். அந்தப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெயிலில் உப்பு வாரும்போது ஒருத்தி ஒரு விடுகதை போடுவாள், விடை தெரிந்தவள் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள், ஒரு சிட்டிகை உப்பை எடுத்து, விடுகதை போட்டவளின் உள்ளங்கையில் வைப்பாள், அவ்வளவுதான், தெரியும் என்று அர்த்தம். விடுகதை அடுத்தவளிடம் போகும், பாத்திக்குப் பாத்தி தாண்டும், தெரியாதவள் அதை வீட்டுக்குச் சுமந்துபோய் மறுநாள் உப்போடு வருவாள். தெரியாமல் ஒருத்தியும் உப்பு வைத்ததில்லை. அப்படி வைத்தால் கை வெந்துபோகும் என்பார்கள். ஏன் விடையைச் சொல்வதில்லை என்பதற்கு வடிவு எழுதிய விளக்கம்தான் மூன்றாம் இயல். விடை தெரிந்தவர் அதை வெளியிடாமல் காப்பது, ஒருநாளும் முடியாத உழைப்பைப் பலர் சேர்ந்து சுமக்கும் உத்தி எனலாம் என்று அதில் எழுதியிருந்தாள்.

அதை அவள் கையெழுத்துப் பிரதியாக நெறியாளர் செழியநம்பி ஐயாவிடம் கொடுத்தாள். அவர் அதை ரயிலில் தொலைத்துவிட்டதாகச் சொன்னார். அதற்குள் கல்யாணமாகி மூத்த மகள் வயிற்றில் இருந்தாள், மறுபடியும் உட்கார்ந்து எழுத முடியவில்லை, பதிவுக் காலம் முடிந்துவிட்டது. பிறகு ஐயாவின் புத்தகம் வந்தது, உப்பளத்து மௌனம் பற்றி உலகத்துக்கே முதன்முதலாகச் சொன்னவர் என்று அவருக்குப் பரிசும் பொன்னாடையும் வந்தன, புத்தகத்தின் நடுவில் அவளுடைய மூன்றாம் இயல் ஒரு மயிர்கூடக் கலையாமல் உட்கார்ந்திருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டார்கள் என்பது ஒன்று. அதைவிட, சோறு வடிக்கும்போதும் விடைத்தாள் திருத்தும்போதும், அந்த இயல் என்னுடையது என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டால் அவளுக்கு முதுகு நிமிரும். இத்தனை வருஷமும் அவள் நிமிர்ந்து நடந்தது அந்த ஒன்றைக்கொண்டுதான்.

சுவரில் எழுத்து ஏறிய செய்தி தெருவில் பரவ, பால்காரர் முதல் அஞ்சல்காரர் வரை வந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டம்மா, "கடிக்குமா?" என்று மட்டும் கேட்டு, கடிக்காது என்றதும் நிம்மதியாகப் போனாள். வீட்டுச் சொந்தக்காரர், ஆவணிக்கு வெள்ளையடிப்பதாக இருந்தேனே, இப்போது என்ன செய்வது என்று தலையைச் சொறிந்து, எழுத்துக்கு மேலே ஒரு கோட்டிங் கீழே ஒரு கோட்டிங் அடித்துத் தருவதாக ஒத்துக்கொண்டார். சாயங்காலங்களில் தெருப் பெண்கள் வந்து வாசித்தார்கள். புரிந்ததற்குத் தலையாட்டினார்கள், புரியாததற்கு இன்னும் கொஞ்சம் பலமாகத் தலையாட்டினார்கள். விளக்கை அணைத்த பிறகும் எழுத்துகள் லேசாக மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. அது உண்மைதான். வடிவு அதைக் கேட்டுக்கொண்டே தூங்கினாள், கனவில் வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே நடந்தாள், கால் ஈரமாகாமல் எழுந்தாள்.

"எல்லாஞ் சரி வடிவு, காலண்டர நான் எங்கன மாட்ட?" என்றார் ஆவுடையப்பன்.

"அடுக்களைல மாட்டுங்க."

"நல்ல நாள் பாக்க அடுக்களைக்கு வரணுமாக்கும்." முனகினாரே தவிர, அவர்தான் யார் வந்தாலும் முதலில் எழுந்து, "இது எங்க வீட்டம்மா எழுதுனது" என்று சுவரைக் காட்டுவார். அவருக்கு அந்த இயலில் ஒரு வரியும் புரிந்ததில்லை. ஆனால் அதைக் காட்டும்போது அவர் குரல் தழுதழுக்கும், வடிவு அதைக் கேட்டு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஒருநாள் செழியநம்பி ஐயாவே வந்தார். ஓய்வுபெற்று வெகுகாலம், நடை தளர்ந்திருந்தது, கையில் அவருடைய புகழ்பெற்ற புத்தகம், அதன் நடுப்பகுதி பூராவும் வெள்ளைத் தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று வடிவு நினைத்தாள். அவர் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "மூணாவது இயல் நல்லா வந்திருக்கும்மா, வடிவு" என்றார். நெறியாளர்கள் மாணவியிடம் சொல்கிற அதே குரல். அவளுக்கு அவரைப் பிடித்து வெளியே தள்ளவேண்டும் போலக் கோபம் வந்தது. அதே நேரம் சிரிப்பும் வந்தது, இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அந்த வயதில் அவர் அறைவாசலில் கால்கடுக்க நின்றோம் என்று. அழுகையும் வந்துவிடுமோ என்று பயந்து, டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாளும் அவர் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார், அவருக்கென்று ஒரு நாற்காலி சுவரோரமே கிடந்தது.

பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வழி தேவைப்பட்டது. ஆய்வேடுகள் இளைத்துப்போய், பத்திரிகைக்காரர்கள் கேலி பேசும் நேரத்தில், சுவரே சாட்சி சொல்லும் ஓர் ஆய்வு கிடைத்தால் விடுவார்களா? முறைப்படி கூடினார்கள், சண்முகவடிவின் பதிவை உயிர்ப்பித்தார்கள், சுவரையே ஆய்வேடாக ஏற்றுக்கொண்டார்கள், சுவரைத் துறைக்குக் கொண்டுபோக முடியாது என்பதால் பொது வாய்மொழித் தேர்வை அவள் வீட்டு முன்னறையில் நடத்துவது என்று முடிவு செய்தார்கள். நெறியாளர் இல்லாமல் ஆய்வாளர் இல்லை என்பது விதி, ஆகவே நெறியாளராகச் செழியநம்பி ஐயாவே உட்கார வேண்டும் என்றார்கள். வடிவு அதையும் விழுங்கிக்கொண்டாள். பட்டம் பெரிதில்லை அவளுக்கு. இது என்னுடையது என்று ஊர் கேட்கும்படி ஒருமுறை சொல்லவேண்டும், அதற்காகப் பாகற்காயை மென்றுகொண்டே சிரிக்கச் சொன்னாலும் சிரித்திருப்பாள்.

அந்த நாள் வந்தது. தெருமுனையில் அவள் படம் போட்ட ஃபிளெக்ஸ், வாசலில் வாழை, கல்யாண மண்டபத்திலிருந்து நாற்காலிகள், வருகிறவர்களுக்கெல்லாம் லட்டு, மிக்சர், காபி. முடிந்ததும் சாப்பாடு போட வேண்டும், அது ஆய்வாளரின் கடமை, பின்கட்டில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் கஞ்சி போட்ட வேட்டியில் விறைப்பாக நின்றார். மதுரையிலிருந்து வந்த புறத்தேர்வாளர், வெளியாள், பழுத்த படிப்பாளி, நல்ல மனுஷர், காதோரம் மட்டும் நரைத்திருந்தார். அவர் சுவர் முழுவதையும் பொறுமையாக வாசித்து முடித்து, மனம் நிறைந்து சொன்னார்: "அம்மா, இந்த இயலுக்கு உயிர் இந்த ஒரே கருத்துதான். விடையைச் சொல்லாமல் இருப்பதே உழைப்பைப் பகிர்வது என்கிறீர்கள். அருமை. இந்தக் கருத்துக்கு நீங்கள் எப்படி வந்து சேர்ந்தீர்கள்?"

இதைப் போல எளிய கேள்வி கிடையாது. வடிவு எழுந்து நின்றாள். "ஐயா, என்னுடைய களஆய்வில்..." என்று தொடங்கியவளுக்கு, அந்தக் களமே அப்படியே கண்முன் எழுந்தது. மத்தியான வெயில், பாத்திகள் பூராவும் கண்ணைக் குத்தும் வெள்ளை, ஓலைக்கொட்டகையின் துண்டு நிழல், அதில் தூக்குச்சட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண். கால் விரல்களெல்லாம் உப்பில் வெந்து வெளுத்திருந்தன. ஏன்க்கா விடையைச் சொல்லமாட்டேங்கிறீங்க என்று வடிவு கேட்டதற்கு அந்தப் பெண் கஞ்சியைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "விடையச் சொல்லிட்டா தீந்து போவும்லா. வேல தீராத எடத்துல இதுவாச்சும் தீராம கெடந்தாத்தான துணைக்கு ஆளுண்டுன்னு இருக்கும். ஒருத்தி வாய தொறந்துட்டா, மத்தவ எல்லாம் தனித்தனியா நின்னுல்லா வாரணும்."

வடிவு பேச்சை நிறுத்தினாள். அந்தப் பெண்ணின் பேச்சை அன்று அவள் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டாள், வீட்டுக்கு வந்து ஆய்வு நடைக்கு மாற்றி, கடைசியில் எனலாம் என்று போட்டாள். அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். துறையில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். தகவலாளி பாட்டுக் கொடுக்கலாம், கதை கொடுக்கலாம், விடுகதை கொடுக்கலாம், கருத்துக் கொடுக்கக்கூடாது, கருத்து ஆய்வாளருடையது என்பது செழியநம்பி ஐயா முதல்நாள் வகுப்பிலேயே சொல்லும் பாடம். எனலாம் என்று போட்டுவிட்டால் எவர் சொன்னதும் எழுதியவருடையதாகிவிடும். அந்தப் பெண் இயலில் ஒரே ஓர் இடத்தில் வந்தாள், 'தகவலாளி, பெண், நடுத்தர வயது' என்று. பெயர்கூட இல்லை.

அப்போதுதான் சுவர் அசைந்தது. எங்கோ தூரத்தில் யாரோ தங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல வாக்கியங்கள் நிமிர்ந்தன, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன, பிறகு மேல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. புறத்தேர்வாளரின் காலணியைச் சுற்றிக்கொண்டு, லட்டுத் தட்டின் ஓரமாக, நிலைப்படியைத் தாண்டி, வாழைமரத்தின் அடியால் தெருவுக்குப் போயின. சுவரில் எனலாம், எனலாம் என்று அந்தச் சொல் மட்டும் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டு நின்றது.

"எங்கே போகின்றன?" என்றார் புறத்தேர்வாளர்.

வடிவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிப்போய்க் கதவைச் சாத்தலாமா என்று ஒரு கணம் நினைத்தாள், நினைத்ததை மறைக்க வேண்டியதில்லை, இத்தனை வருஷ முதுகெலும்பு வாசல் வழியே போகிறதென்றால் யாருக்குத்தான் தோன்றாது? நாற்காலியில் செழியநம்பி ஐயாவைப் பார்த்தாள். அவர் தலைகுனிந்திருந்தார். அவரை இத்தனை காலம் எந்தப் பெயரால் மனசுக்குள் ஏசினாளோ, அந்தப் பெயரை இப்போது தன்மேல் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரிப் பொருந்தியது. அவள் செருப்பைக்கூடப் போடாமல் வாக்கியங்களுக்குப் பின்னால் நடந்தாள்.

அவளுக்குப் பின்னால் புறத்தேர்வாளர், தேர்வு இன்னும் முடியவில்லை என்பதால். அவருக்குப் பின்னால் துறை. துறைக்குப் பின்னால், சாம்பாரைச் சிறு தீயில் வைக்கச் சொல்லிவிட்டு ஆவுடையப்பன். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு செழியநம்பி ஐயா. அதற்குப் பின்னால் தெரு. போகிற வழியில் யாரும் எதுவும் கேட்கவில்லை, சாமி ஊர்வலத்துக்கு விலகுவதுபோல விலகிக்கொண்டார்கள். ரயில்வே கேட் சாத்தியிருந்தது, வாக்கியங்கள் அடியில் புகுந்து போயின, கேட்கீப்பர் ஜனங்களைப் பார்த்து, ரயில் போன பிறகு திறந்துவிட்டார். கேட்டைத் தாண்டியதும் காற்று உப்பாக அடித்தது. மேகமில்லாத வானத்துக்கும் வெள்ளைப் பாத்திகளுக்கும் நடுவே கறுப்பாக ஒரு வரி ஓடிக்கொண்டே இருந்தது, பின்னால் அவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள், நடக்க நடக்கத் தாங்கள் ஒரு நீண்ட வாக்கியத்துக்குள் நடப்பதாக அவர்களில் சிலருக்குத் தோன்றியது.

உப்பளக் குடியிருப்பில், நீலம் பூசிய ஒரு சின்ன வீட்டின் முன்னால், வயதான ஒரு பெண் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வரிசை அவள் காலருகே வந்து கொஞ்சம் தயங்கியது, பிறகு உரிமையோடு நீலச் சுவரில் ஏறியது. அவள் நிமிர்ந்து, சுவரைப் பார்க்கவில்லை, வடிவைப் பார்த்தாள்.

"படிக்கிற பிள்ளல்லா நீ? இப்பந்தான் வழி தெரிஞ்சுதோ?"

"அக்கா..." என்றாள் வடிவு. அதற்கு மேல் கூப்பிட அவளுக்குப் பெயர் தெரியவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. "அக்கா, உங்க பேரு என்ன?"

"வியாகுலம். அன்னைக்கே கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம்தான். வடிவு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன எழுதிருக்கு? எனக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியல, வாசி" என்றாள் வியாகுலம். வடிவு சுவரைப் பார்த்து வாசித்தாள். உத்தி என்றும் உழைப்பு என்றும் வந்த இடங்களில் நாக்கு தடுக்கியது, ஆகவே அவற்றை விட்டுவிட்டு, அன்றைக்குக் கொட்டகை நிழலில் கேட்டபடியே சொல்ல ஆரம்பித்தாள். சுவரிலும் எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்து, அவள் சொன்னபடியே ஆயின. குடியிருப்புப் பெண்கள் விளக்குமாறும் குடமுமாக வந்து சுற்றி நின்று கேட்டார்கள். யாரும் மலைக்கவில்லை. வியாகுலத்தின் பேச்சு வியாகுலத்தின் சுவரில் இருந்தது, அதில் என்ன இருக்கிறது?

"நாஞ் சொன்னதுதான். ஒரு சொல்லு குறையல" என்றாள் வியாகுலம். "நல்லாத்தான் கேட்டிருக்க."

அந்த வார்த்தையில் வடிவு உடைந்து அழுதாள். வியாகுலம் தடுக்கவில்லை, கீரையை உருவிக்கொண்டிருந்தாள்.

அப்போது எல்லா வாக்கியங்களும் ஏறி முடித்த நிலையில், கடைசியாக வந்த ஒன்று மட்டும் வாசலிலேயே நின்றது. முன்பக்கம் நகர்ந்தது, பின்பக்கம் நகர்ந்தது, திரும்பியது. மெதுவாக வந்து வடிவின் காலில் ஏறி, புடவை மடிப்பைக் கடந்து, இடது முன்கையில் வளையல்களுக்கு மேலே உட்கார்ந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். 'அவர் சொல்லி முடித்த பிறகு வெகுநேரம் நான் ஒன்றும் எழுதவில்லை.'

அதை எழுதியதையே அவள் மறந்திருந்தாள். செழியநம்பி ஐயா தன் புத்தகத்தின் முன்னுரையிலும் அதை எடுத்துத் தன் அனுபவமாகப் போட்டிருந்தார். அவளுடைய சுவரிலும் அது ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே ஒரு மூலையில்தான் இருந்தது, யாரும் அதை வாசித்ததில்லை. ஐயா இப்போது எட்டிப் பார்த்தார், வாசித்தார். "அது உன்னுதுதாம்மா" என்றார். இந்தமுறை நெறியாளர் குரல் இல்லை. அவள் அவரை மன்னித்தாளா என்றால், இல்லை. ஆனால் அவர் உட்கார அந்த வீட்டு ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தாள்.

புறத்தேர்வாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அவர் முகத்தில் சங்கடம் இருந்தது, ஆனால் விதி விதிதானே. "அம்மா, தேர்வை முடிக்கவேண்டும். உறுதிமொழியை நீங்கள் வாயால் சொல்லவேண்டும். சொன்னால்தான் பட்டம். அதனால் கேட்கிறேன், தவறாக எண்ணவேண்டாம். இந்த ஆய்வில் உங்களுடையது எது?"

குடியிருப்பும் துறையும் தெருவும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. ஆவுடையப்பன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, சொல்லு வடிவு, சொல்லு என்று உதட்டுக்குள்ளேயே கெஞ்சினார். வடிவுக்கு விடை தெரியும். இதற்கு முன் எப்போதும் இவ்வளவு நன்றாகத் தெரிந்ததில்லை. அவள் எழுந்து, வீட்டுப் பக்கத்தில் குவிந்து கிடந்த உப்பில் கையை வைத்து, ஒரு சிட்டிகை எடுத்தாள், புறத்தேர்வாளரின் கையை விரித்து உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். அவள் கை வேகவில்லை.

மதுரைக்காரர் மூடிய கையோடு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். வியாகுலம் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, பல் தெரியச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, ஒரு சிட்டிகை உப்பெடுத்து, அவருடைய கையை விரித்து அதில் வைக்கத் தொடங்கினார்கள்.